முதுகுப் பக்கத்து வார்

கண்ணை மூடும் அந்த வி.ஆர். ஹெட்செட்டை முகத்தில் மாட்டியதுமே சுஷ்மாவுக்குக் குமட்டியது. கண்ணைச் சுற்றி வைத்திருந்த பஞ்சு, முன்னால் விளையாடிவிட்டுப் போன யாருடைய வியர்வையிலோ ஊறியிருந்தது. தேங்காய் எண்ணெயும் பாக்கும் கலந்த வாடை. அருள்பாண்டி ஈரத் துணியால் ஒரு துடை துடைத்துத்தான் கொடுத்தார். அதில் ஈரம் கூடியதே தவிர வாடை போகவில்லை.

காளவாசலில் ஒரு செருப்புக்கடையின் மாடியில் அருள்பாண்டி அந்த விளையாட்டு மையத்தை நடத்திவந்தார். சுஷ்மாவின் அலுவலகம் ஆஸ்பத்திரிகளுக்கு பில் போடும் சாஃப்ட்வேர் செய்வது. அவளுடைய டீமை ஒரு சனிக்கிழமை மத்தியானம் அங்கே கூட்டி வந்திருந்தார் டீம் லீடர் விஸ்வநாத். பிரியாணி சாப்பிட்ட கையோடு எல்லாரும் மாடியேறியிருந்தார்கள்.

ஹெட்செட்டுக்குள் பார்த்தால் ஒரு பழங்காலத்துக் கோட்டை. அங்கே கவசம் மாட்டிக்கொண்டு, வாளெடுத்துச் சண்டை போட வேண்டும். சுவரில் இருந்த பெரிய டிவியில், உள்ளே நடப்பதையெல்லாம் மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஹெட்செட்டும் கையில் பிடிக்கும் ரிமோட்டும் போதாதென்று உடம்பிலும் கறுப்புக் கோட்டு ஒன்றை இறுக்கிக் கட்டிவிட்டார் அருள்பாண்டி. அதுவும் ஈரமாகத்தான் இருந்தது.

"விளையாட்டுல எங்க அடி விழுதோ, எங்க கை படுதோ, கோட்டு அங்கன அதிரும் மேடம். பயந்துறாதீங்க. அப்புறம், கவசத்தை நீங்களேதான் ஒண்ணொண்ணா எடுத்து மாட்டணும். மார்க்கவசத்துக்கு மட்டும் வார் முதுகுப் பக்கம் இருக்கும். அதை உங்க ஜோடிதான் மாட்டி விடணும்."

சுஷ்மாவின் ஜோடி ரூபினா. இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள். ரூபினா ஹெட்செட்டைக் கையில் எடுக்கும்போது விஸ்வநாத் குறுக்கே வந்து வாங்கிக்கொண்டார்.

"நீ அடுத்த ரவுண்டு போ ரூபினா. சுஷ்மாகூட நான் ஆடுறேன்."

கோட்டைக்குள் போனதும் சுஷ்மா வாடையை மறந்துவிட்டாள். கற்சுவர் ஓரமாக மரச்சட்டத்தில் கவசங்கள் தொங்கின. முழங்காலுக்கானதை எடுத்துக் காலருகே கொண்டுபோனாள். அது 'டக்'கென்று தானாகப் பொருந்தியது. கைக்கவசத்தை மாட்டி விரல்களை மடக்கிப் பார்த்தாள். இரும்பு விரல்கள் மடங்கின. சின்னப் பிள்ளை போல அவளுக்குச் சிரிப்பு வந்தது. மார்க்கவசத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பி நின்றாள்.

"சார், வாரை மாட்டி விடுங்க."

முதுகில் கோட்டு அதிர்ந்தது. ஒரு வார் மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்? அதிர்வு முதுகிலிருந்து இடுப்புக்கு இறங்கியது. இடுப்பிலிருந்து விலாவுக்கு வந்தது. அங்கிருந்து முன்பக்கம் நகர்ந்தது.

"சார், வார் முதுகுல இருக்கு."

"கண்ணுக்குத் தட்டுப்படல. தேடுறேன்ல?"

வெளியே யாரோ சிரித்தார்கள். முதலில் கேட்டது ரூபினாவின் சிரிப்பு என்று சுஷ்மாவுக்குத் தெரிந்தது. அதைத் தொடர்ந்து மற்றவர்களும் சிரித்தார்கள். சுஷ்மா விலகி நின்றாள். இரும்பு உடம்போடு விஸ்வநாத் பின்னாலேயே வந்தார்.

"கவசம் சரியா உக்காந்திருக்கான்னு பாக்க வேணாமா?"

நெஞ்சின் மேல் கோட்டு அதிர்ந்தது. நிற்காமல் அதிர்ந்தது.

"சார், கையை எடுங்க."

"என் கை உம்மேல எங்கம்மா பட்டுச்சு? அஞ்சடி தள்ளி நிக்கிறேன்."

சுஷ்மா ஹெட்செட்டைப் பிடுங்கி எடுத்தாள்.

அவர் சொன்னது உண்மைதான். அஞ்சடி தள்ளித்தான் நின்றிருந்தார். கண்ணை மூடிய அந்தக் கறுப்புப் பெட்டிக்குக் கீழே வாய் பாதி திறந்திருந்தது. உதட்டோரம் எச்சில் மினுங்கியது. ரிமோட் பிடித்த இரண்டு கைகளும் நெஞ்சு உயரத்தில் வெறும் காற்றைத் தடவிக்கொண்டிருந்தன. அவள் உடம்பில் இருந்த கோட்டு இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. பட்டைகளைப் பிய்த்து அதைக் கழற்றித் தரையில் எறிந்தாள். தரையில் கிடந்தும் அது மல்லாந்து விழுந்த வண்டு மாதிரி 'உர்ர்'ரென்றது.

டிவியில் அவளுடைய கவச உருவம் தலை தொங்கி நின்றது. அதன் மேல் அவருடைய இரும்புக் கைகள். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் இப்போது டிவியைப் பார்க்கவில்லை. காற்றைத் தடவும் அந்தக் கைகளைப் பார்த்தார்கள்.

"என்ன சுஷ்மா, சத்தத்தையே காணோம்? பிடிச்சிருக்கோ?" என்றார் விஸ்வநாத்.

அருள்பாண்டி போய் சுவிட்சை அணைத்தார்.

ஹெட்செட்டைக் கழற்றிய விஸ்வநாத், எல்லாரும் தன்னையே பார்ப்பதைக் கண்டார். "என்ன? கேம்தானப்பா" என்றார்.

சுஷ்மா கழிவறைக்குப் போய் மத்தியானம் சாப்பிட்டது அத்தனையையும் வாந்தி எடுத்தாள். சோப்பைப் போட்டு முகத்தைத் தேய்த்தாள், கழுத்தைத் தேய்த்தாள். ரூபினா கதவருகில் வந்து நின்றாள்.

"சாரிடி. எல்லாரும் சிரிச்சாங்களா, நானும்..."

"மொதல்ல சிரிச்சது நீதான்" என்றாள் சுஷ்மா. அப்படியே படியிறங்கி, வீட்டுக்குப் போகும் பரவை பஸ்ஸைப் பிடித்தாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் முழங்கை லேசாகப் பட்டதற்கே எழுந்து நின்றுகொண்டாள்.

திங்கட்கிழமை புகார் கொடுத்தாள். அலுவலகத்தில் பெண்களின் புகார்களை விசாரிப்பவர் பாகீரதி மேடம். ஐம்பதைத் தாண்டியவர், யாரையும் எடுத்தெறிந்து பேசாதவர். எல்லாரையும் கூப்பிட்டு விசாரித்துவிட்டு சுஷ்மாவை உட்காரச் சொன்னார்.

"அவரு உன்னைத் தொடவே இல்லைன்னுதாம்மா அம்புட்டுப் பேரும் சொல்றாங்க. நீயும் அதைத்தான் சொல்ற. ஒரு பொம்மையைத் தொட்டதுக்கு நான் என்னன்னு எழுதுறது?"

"மேடம், ஒரே ஒரு தடவை அங்க வாங்க. அதுக்கப்புறமும் பொம்மைன்னு சொன்னீங்கன்னா நான் விட்டுர்றேன்."

அன்று சாயங்காலமே அவர் வந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, சேலைக்கு மேல் அந்தக் கோட்டை மாட்டிக்கொண்டார். ஹெட்செட்டின் வாடைக்கு முகத்தைச் சுளித்தார். அதே வாடையை மறுபடியும் முகத்தில் ஏற்றிக்கொள்ள சுஷ்மாவுக்கு உடம்பு கூசியது. பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டினாள்.

"மேடம், நான் வாரை மாட்டிட்டு, உங்க தோள்ல மட்டும் கை வைக்கப்போறேன். வேற எங்கயும் தொட மாட்டேன்."

"சரிம்மா."

வாரை மாட்டியபின் இரும்புத் தோளில் கையை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

"ம்... தெரியுது. எடு." கொஞ்ச நேரம் போனது. "எடுன்னு சொல்றேன்ல? சுஷ்மா!"

ஹெட்செட்டைக் கழற்றிய பாகீரதியின் நெற்றி வியர்த்திருந்தது. அருள்பாண்டி கொடுத்த தண்ணீரை நின்றபடியே குடித்தார்.

"தோள்லதானே வச்ச?"

"ஆமா மேடம்."

பாகீரதி கோட்டை உடம்பிலிருந்து பிரித்து, தொட விருப்பமில்லாதவர் போல இரண்டு விரலால் மேசையில் போட்டார். அருள்பாண்டியிடம் திரும்பினார். "அன்னைக்கு நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேங்க. சுவிட்சை அணைச்சது நான்தான்" என்றார் அவர். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "கொஞ்சம் முன்னாடியே அணைச்சிருக்கணும்" என்றார்.

பாகீரதி உள்ளதை உள்ளபடி எழுதினார். ஆனால் முடிவெடுப்பது முதலாளி. விஸ்வநாத்தை வேலையை விட்டு அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. கோயம்புத்தூர் கிளைக்கு மாற்றினார். எதற்காக மாற்றம் என்று யாரும் வாய் திறக்கவில்லை. போதாக்குறைக்கு, கடைசி நாளில் அவருக்கு ஒரு கேக் வாங்கி வெட்டச் செய்தார்கள்.

வெட்டிய கேக்கை விஸ்வநாத் ஒவ்வொருவருக்கும் தன் கையாலேயே ஊட்டிக்கொண்டு வந்தார். வாங்கியவர்கள் கை தட்டினார்கள். விரல்களில் க்ரீம் வழிந்தது. அதை நக்கிக்கொண்டே அடுத்த துண்டை எடுத்தார். ரூபினாவுக்கு ஊட்டிவிட்டு சுஷ்மாவின் முன்னால் வந்து நின்றார்.

"மனசுல ஒண்ணும் வச்சுக்காத. ஒரு வாய் வாங்கிக்க."

க்ரீமும் எச்சிலுமாக அந்த விரல்கள் அவள் உதட்டருகே வந்தன. சுஷ்மா நகரவில்லை.

"உங்க கையால வேணாம் சார்."

"என்னம்மா, இம்புட்டுப் பேரு முன்னாடி..."

"இம்புட்டுப் பேரு முன்னாடிதான் சார் அன்னைக்கும் செஞ்சீங்க. அந்தக் கையைப் பாத்தாலே எனக்கு வாந்தி வருது."

கை தட்டல் நின்றுபோனது. விஸ்வநாத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். யாராவது சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்திருக்கலாம். ஒருவரும் சிரிக்கவில்லை. கேக்கைத் தட்டில் வைத்துவிட்டு, கைக்குட்டையைத் தேடிச் சட்டைப்பையைத் தடவினார்.

ரூபினாவின் வாய் நிறைய கேக் இருந்தது. அவளால் அதை விழுங்கவும் முடியவில்லை, அங்கே துப்பவும் முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு வாஷ்பேசினுக்கு ஓடினாள்.

சுஷ்மா தன் நாற்காலியில் போய் உட்கார்ந்து, பாதியில் விட்ட பில் சாஃப்ட்வேரைத் திறந்தாள்.