மவுத் ப்ரொஜெக்ட்

மிதுனா கைபேசியில் குழுவின் கூட்டு ஆவணத்தை மறுபடியும் மேலே தள்ளிப் பார்த்தாள். அவளுடைய பக்கங்களும் லவனுடையதும் அப்ஹாமுடையதும் நிறைந்திருந்தன. நிம்றாவின் இரண்டு பக்கங்களும் வெறுமையாகவே கிடந்தன. நான்கு மணிக்கு விரிவுரையாளர் ஆவணத்தைப் பூட்டிவிடுவார். வேலை செய்யாதவரின் பெயர் முதல் பக்கத்தில் இருந்தால் முழுக் குழுவுக்கும் பூச்சியம். பெயர் இல்லாதவர் பரீட்சைக்கு இருக்க முடியாது. நிம்றா ஏற்கெனவே ஒரு பாடத்தைக் கோட்டை விட்டவள். இதுவும் போனால் வருடமே போய்விடும்.

நால்வரும் சமூக சுகாதார டிப்ளோமா படிப்பவர்கள். வெற்றிலை, புகையிலை, வாய்ப் புற்றுநோய் என்பது தலைப்பு. லவன் அதை 'மவுத் ப்ரொஜெக்ட்' என்று சுருக்கி, வாட்ஸ்அப் குழுவுக்கும் அந்தப் பெயரையே வைத்தான். அன்று அப்ஹாமும் நிம்றாவும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வெள்ளவத்தைக்கு வந்து சில மாதங்களேயான மற்ற இருவரும் ஏனென்று கேட்கவில்லை.

"இன்னும் ஒண்டும் இல்லையே?" மாடித் தேநீர்க்கடையில் எதிரே இருந்த லவன் ரோல்ஸைக் கடித்தபடி கேட்டான். கீழே காலிக்குப் போகும் பெருவீதியில் பஸ்கள் முட்டிமோதிக்கொண்டு போயின.

"கோல் எடுக்கிறாளில்லை."

அப்போதுதான் குழுவில் செய்தி விழுந்தது. நிம்றா தமிழ் தட்டுவதில்லை. கைபேசியிடம் சொல்லுவாள், அது தனக்குத் தெரிந்த மாதிரி எழுதும். 'வா அப்பா மவுத் எனக்கு ஏலாது.'

லவன் வாய்விட்டுச் சிரித்தான். "அப்பாவைக் கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொல்லுறாபோல." அதையே குழுவிலும் எழுதினான். 'அப்ப அப்பான்ர வாயைப் படமெடுத்தாவது போடும்.'

மிதுனா அதற்குக் கீழே ஒரு சிரிப்பு முகத்தைப் போட்டாள். பிறகு எரிச்சலோடு ஆவணத்தைத் திறந்தாள். ஏலாது என்றால் ஏலாதுதானே. முதல் பக்கத்தில் நிம்றாவின் பெயரை அழித்தாள்.

அப்ஹாமின் அழைப்பு வந்தது.

"என்னத்துக்குச் சிரிக்கிறீங்க ரெண்டு பேரும்? நான் அவங்கட ஊட்டுக்குத்தான் போறேன், தெஹிவளைக்கு. அஸர் தொழுகைக்குப் பொறகு அடக்கம்."

"ஆருக்கு?"

"நிம்றாட வாப்பாக்கு. அவ போட்டிருக்காளே, மவுத்தெண்டு."

"மவுத் எண்டா..."

"மரணம் புள்ள! மரணம்!"

வாப்பா. நிம்றா வீட்டில் அப்பாவைக் கூப்பிடும் அந்தச் சொல்லைத் தெரியாத கைபேசி அதை இரண்டாக உடைத்து எழுதியிருந்தது. மிதுனா சொன்னதும் லவன் ரோல்ஸைத் தட்டில் போட்டான். அவன் எழுதியதை அழித்தான். அவளும் தன் சிரிப்பை எடுத்தாள். ஆனால் நிம்றா பார்த்துவிட்டாள் என்பதற்கான நீலக் குறிகள் அதற்கு முன்பே விழுந்திருந்தன.

விரிவுரையாளருக்குக் கோல் எடுத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் எடுத்தாள்.

"நான் பேரைத் திருப்பிப் போடப்போறன்."

"கொஞ்சம் பொறும். ரெண்டு பக்கமும் சும்மா கிடக்கு. அந்தாள் நாலு பேருக்கும் சைபர் போட்டா?"

"போடட்டும்."

"நாங்களே நிரப்புவம்."

"ஆர் எழுதினதெண்டு அதில காட்டுமெல்லே, விசரா."

லவனுடைய அப்பா கொட்டாஞ்சேனைக் கடையில் வேலைக்கு நின்றுதான் அவனைப் படிப்பிக்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். என்றாலும் அவன் தடுக்கவில்லை.

மிதுனா தட்டத் தொடங்கினாள். விரல் வழுக்கிப் பிழையாக விழுந்த எழுத்தை அழித்துவிட்டு மறுபடியும் தட்டினாள். நி. ம்.

திரையின் மேல் ஓரத்தில் ஒரு பச்சை வட்டம் முளைத்தது. யாராவது ஆவணத்தைத் திறந்தால் வரும் வட்டம். அதில் நிம்றா என்று இருந்தது.

மிதுனாவின் விரல் அந்தரத்தில் நின்றது.

நிம்றாவின் பச்சைக் கோடு வெறும் பக்கங்களின் பக்கம் போகாமல் நேரே முதல் பக்கத்துக்கு வந்தது. மூன்று முழுப் பெயர்களையும் தாண்டி, நான்காவதாகப் பாதியில் நின்ற 'நிம்' என்பதன் அருகே நின்று, அணைந்து அணைந்து எரிந்துகொண்டிருந்தது.