அவருடைய முறை

அவர் லிஃப்ட் மெக்கானிக். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸை ஃபிரேமுக்குத் தக்கபடி அறுத்துப் பொருத்துகிறவள். பிள்ளைகள் இல்லை. வேலை முடிந்து வந்தால் அவருக்குக் கணினியில் ஒரு ராஜ்ஜியம் காத்திருக்கும். நகரம் கட்டுவது, படை நகர்த்துவது எல்லாமே செஸ் மாதிரி முறை வைத்துத்தான். மாதாமாதம் அதில் போட்டியும் உண்டு. எல்லோருக்கும் ஒரே வரைபடம் வரும். அவரவர் வீட்டில் தனியாக ஆடி முடித்து அனுப்ப வேண்டும். புள்ளிப் பட்டியலில் அவர் எப்போதும் நடுவில்தான் இருப்பார்.

"ஊரையே மேல ஏத்தி விடுறேன். நான் மட்டும் நடுமாடியிலயே மாட்டிக்கிட்டேன்" என்பார்.

"சோறு ஆறுது, மகாராஜா" என்பாள்.

இந்த முறை நன்றாக ஆடிக்கொண்டிருந்தார். பாதி ஆட்டத்தில் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சில் 'ம்' மட்டும் மிஞ்சியது. மற்றவர்கள் சொல்வதும் அவருக்குப் புரியாது என்றார் டாக்டர். அவள் நம்பவில்லை.

போட்டி நடத்துகிறவருக்குப் போன் செய்தாள். "முடிவு அவரோடதா இருந்தா போதும்க்கா. மவுஸை யார் பிடிச்சா என்ன?" என்றார் அவர்.

கணவரைக் கணினி முன் உட்கார வைத்து, ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு ஆடினாள்.

"குதிரைப் படைய ஆத்துக்கு அந்தப் பக்கம் அனுப்பவாங்க?"

"ம்."

புள்ளி ஏறியது. "மூளைக்கு ஒண்ணும் ஆகலை, கையும் வாயும்தான்" என்று கடையில் எல்லோரிடமும் சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் பக்கத்தில் இத்தனை நேரம் அவள் உட்கார்ந்ததே இல்லை.

ஒரு சாயங்காலம், "கப்பல வடக்க விடவா?" என்றாள்.

"ம்."

"இல்ல, தெற்கயா?"

"ம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

"ம்."

சிரிப்பு நின்றது. "தலைநகரத்தை எதிரிக்கே குடுத்துடவா?"

"ம்" என்றார், சாதுவாக.

மவுஸை விட்டுவிட்டு அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். "நான் யாருங்க?"

"ம்."

மறுநாள் காலையில் போட்டி நடத்துகிறவரை மறுபடி அழைத்தாள்.

"அவர் பேரை எடுத்துடுங்க தம்பி. முடிவெல்லாம் என்னோடது. தெரியாமயே ஆடிட்டேன்."

"முதல் அஞ்சுக்குள்ள வர்ற மாதிரி இருக்கேக்கா. யாரும் கேக்க மாட்டாங்க, இருந்துட்டுப் போகட்டும்."

"கை தவறி வச்ச காயைக்கூட திருப்பி எடுக்க மாட்டார் அவர். எடுத்துடுங்க."

"சரிக்கா" என்றார்.

போனை வைத்துவிட்டுக் கணவருக்குக் கஞ்சி ஊட்டினாள். கடைவாயில் வழிந்ததைத் துடைத்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவருக்குக் கேட்கக்கூடாது என்று குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில், யாருக்காக இந்த மறைப்பு என்று தோன்றியது. குழாயை மூடிவிட்டு வந்தாள். அவர் காலடியில் உட்கார்ந்து, மடியில் முகம் புதைத்து, வாய்விட்டு அழுதாள்.

நன்றாக இருந்த அந்த இடது கை, அவள் தலைக்குப் பக்கத்தில் அப்படியே கிடந்தது.