இரும்பில்லாமல் நின்ற செவலை

பட்டினி கிடக்கும் காட்டுக் குதிரை தரையில் நிற்காது. காலில் இரும்பு இல்லையென்றால் மெல்ல மேலே போய்விடும். அந்த ஊரில் இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். மேட்டுநிலத்தில் வயிறு முட்டப் புல் மேய்ந்து திரிகிறவரை அவையும் மற்றக் குதிரைகளைப்போல நான்கு காலையும் ஊன்றித்தான் நின்றன. கல்குவாரிக் குத்தகைக்காரர் அவற்றை வளைத்துப் பிடித்து, திமிர் அடங்கட்டும் என்று தீனியைக் குறைத்து, கல் வண்டியில் பூட்டி, நின்றால் ஓர் அடி நடந்தால் ஓர் அடி என்று சாட்டையால் விளாசிய பிறகுதான் சிக்கல் வந்தது. முதலில் பின்னங்கால் லேசாகும், பிறகு முன்னங்கால். தீனி போடுவதைவிட இரும்பு அடிப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது. வழக்கமான லாடத்தைவிடக் கனமாக வார்த்து, நாலு காலிலும் அடிக்கச் செய்தார்.

உழைக்க முடியாமல் போன குதிரையை அவர் ஆலை வீதிக் கடைசியில் இருந்த லாடக்காரியின் பட்டறைக்கு அனுப்புவார். இரும்பைக் கழற்றித் திருப்பிக் கொடுப்பது அவள் வேலை. கழற்றியதும் குதிரை வாசலிலிருந்து கிளம்பி, தபாலாபீஸ் கூரையைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, புள்ளியாகிப் போகும். மேலே புல் ஏது? சில நாள் கழித்து எவர் வயலிலாவது எலும்பும் தோலுமாக விழும். வயல்காரர் திட்டிக்கொண்டே புதைப்பார். ஒருமுறை காற்றில்லாத ஒரு பகல் முழுக்கக் குதிரையொன்று பட்டறைக்கு நேர் மேலேயே நின்று கனைத்துக்கொண்டிருந்தது. லாடக்காரி அன்று சுத்தியலைத் தொடவே இல்லை. அவளால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அடுத்து வந்த குதிரையை அவள் பட்டறைக்குப் பின்னால் மூடிக்கிடந்த நூற்பாலைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திவிட்டு இரும்பைக் கழற்றினாள். அது எழும்பிப்போய்க் கூரைத் தகரத்தில் முதுகு இடித்து நின்றது. லாடக்காரியும் அவள் தம்பி மனைவியும் நீளக் கழியின் நுனியில் வைக்கோலைக் கட்டி நீட்டினார்கள். வருடம் இரண்டு ஓடுவதற்குள் ஒரு டஜனுக்கு மேல் குதிரைகள் உத்தரங்களுக்கு நடுவில் மிதந்தன. தம்பி மனைவி கட்டடத்துக்குள்ளேயே குடை பிடித்துத்தான் நடப்பாள். ஏனென்று சொல்லத் தேவையில்லை. தின்னத் தின்னக் குதிரைகள் தாழ்ந்து வந்தன. ஒவ்வொன்றும் தரையைத் தொட்ட அன்று இரண்டு பெண்களும் சிரித்துச் சிரித்து அழுதார்கள். பட்டறை சம்பாத்தியமெல்லாம் தீவனமாகப் போனது. லாடக்காரியின் தட்டில் இருந்ததும் பாதி அங்கேதான் போனது. “அண்ணி, நீங்க சாப்பிட்டீங்களா?” என்று தம்பி மனைவி கேட்டால், “அப்புறம் சாப்பிட்டுக்கறேன், போ” என்பாள். அந்த அப்புறம் வந்ததாக யாருக்கும் நினைவில்லை.

கடைசியாக வந்தது செவலை. முதுகில் தழும்புக்கு மேல் தழும்பு. கையைத் தூக்கினாலே கண்ணை மூடிக்கொள்ளும். நான்கையும் கழற்றினால் கூரையைப் பிய்த்துக்கொண்டு போய்விடும்போல அத்தனை லேசு. அதனால் லாடக்காரி முன்னங்கால் ஒன்றில் மட்டும் இரும்பை விட்டுவைத்து, அந்த ஒரு லாடம் வழியில் விழுந்துவிட்டது என்று குத்தகைக்காரருக்குச் சொல்லியனுப்பினாள். அந்த ஒற்றைக் காலில் செவலை, மற்ற மூன்றும் அந்தரத்தில் ஆட, சாய்ந்து நின்றது. இந்தப் பொய்தான் குத்தகைக்காரர் மூக்கை வியர்க்க வைத்தது. விசாரித்ததில், தூக்கிப்போட்ட குதிரைகள் நூற்பாலைக்குள் கொழுத்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்துபோயிற்று. நகராட்சி அதிகாரியைக் கையோடு அழைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் வந்து நின்றார்.

சட்டத்தில் குழப்பம் ஒன்றுமில்லை. இரும்பில்லாமல் தரையில் நிற்கிற குதிரை யாருக்கும் சொந்தமில்லை. நிற்க முடியாததற்கு இரும்பு அடித்து ஓட்டிப்போகிற உரிமை குத்தகைக்காரருக்கு. அதிகாரி பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, குனிந்து, குளம்புக்கும் தரைக்கும் நடுவில் நுழைகிறதா என்று ஒவ்வொரு குதிரையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். எங்கும் நுழையவில்லை. செவலையிடம் வந்ததும் நிமிர்ந்தார்.

“இதையும் கழட்டும்மா.”

லாடக்காரி குளம்பை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, ஆணிகளை ஒவ்வொன்றாக, ஊரிலேயே மந்தமான ஆள்போல உருவினாள். தம்பி மனைவி ஊறவைத்த கொள்ளை வாளி வாளியாகக் கொண்டுவந்து செவலையின் வாய்க்கு முன்னால் பிடித்தாள். “தின்னுடி, என் கண்ணுல்ல, தின்னு” என்று கெஞ்சினாள். செவலையும் என்ன புரிந்ததோ, தலையை நிமிர்த்தாமல் தின்றது. ஆடிக்கொண்டிருந்த மூன்று கால்களும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கின. கடைசி ஆணியும் வந்து, இரும்பு தரையில் விழுந்தது. குளம்பை மட்டும் அவள் விடவில்லை.

குத்தகைக்காரர் சும்மா இருப்பாரா? “சார், அவ ஏப்ரனைப் பாருங்க. பட்டறையே அதுலதான் இருக்கு. அந்தக் கனத்துலதான் குதிரையை அமுக்கி வெச்சிருக்கா” என்றார். அதிகாரிக்கும் அது நியாயமாகப் பட்டது. சுத்தியல், குறடு, அரம் எல்லாம் செருகியிருந்த அந்தத் தோல் ஏப்ரன், ஆண்டுக்கணக்காகத் தூங்குகிற நேரத்தில்கூட அவள் இடுப்பைவிட்டு இறங்கியதில்லை. தம்பி மனைவி பின்னாலிருந்து முடிச்சை அவிழ்த்தாள்.

“இப்ப காலை விடும்மா.”

விட்டாள். அதிகாரி தாளோடு குனிந்தார். முதல் மூன்று குளம்பில் தாள் முட்டி மடங்கியது. இப்போது விட்ட குளம்பின் அடியில் விளிம்பு சரசரவென்று உள்ளே போயிற்று. குத்தகைக்காரர் சாட்டையைத் தேடி இடுப்பைத் தடவினார். தம்பி மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். செவலை வாயில் இருந்ததை மென்று விழுங்கி, பாரத்தை முன்னால் சாய்த்து நின்றது. அதிகாரி தாளை இழுத்தார். அது கிழிந்து, பாதி குளம்புக்கு அடியிலேயே நின்றுவிட்டது.

“நிக்குது” என்றார் அதிகாரி.

லாடக்காரிக்கு அந்தச் சத்தம் கீழேயிருந்து கேட்டது. செவலையின் முதுகை அவள் அதுவரை மேலேயிருந்து பார்த்ததில்லை. தழும்புகளின் ஓரத்தில் புது ரோமம் முளைத்திருந்தது. அதைப் பார்த்த சந்தோஷத்தில்தான் தன் கால் தரையில் இல்லை என்பதே அவளுக்கு உறைக்கவில்லை. குனிந்திருந்த வாக்கிலேயே அவள் குதிரையின் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தாள்.

குத்தகைக்காரர் அவளைச் சுட்டிக்காட்டி, “இதுக்கு இரும்பு அடிக்கலாமா சார்?” என்று கேட்டார். நக்கலாகக் கேட்டாரா நிஜமாகவே கேட்டாரா என்று ஊரில் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. “சட்டம் குதிரைக்குத்தான்யா, வாங்க போலாம்” என்று அதிகாரி கிழிந்த தாளைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார். குத்தகைக்காரரும் அவர் பின்னால் போனார்.

தம்பி மனைவி இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்தாள். ஆத்திரமும் அழுகையும் முட்டிக்கொண்டு வந்தன. “அப்புறம் அப்புறம்னு சொன்னீங்கல்ல, இப்ப பாருங்க!” என்று கத்திவிட்டு, தட்டு எடுத்துவர வீட்டுக்கு ஓடினாள். செவலை கழுத்தை எட்டுமட்டும் நீட்டி, லாடக்காரியின் பாவாடை ஓரத்தைப் பல்லால் கவ்வி, தன் உயரத்துக்கு இழுத்துக்கொண்டது. தட்டு வந்தது. லாடக்காரி செவலையின் கழுத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு சாப்பிட்டாள். அவள் பாதம் தரையைத் தொடுகிறவரை, அன்றைக்கும் அதற்கப்புறம் வந்த பல நாட்களுக்கும், செவலை பிடியை விடவில்லை.