சங்கு ஊதாத பகல்

1
இந்தக் கதை பஸ்ஸில் ஒட்டுக்கேட்டது. இலங்கை மலையகத்தில் அக்கரப்பத்தனை போகையில் முன் சீட்டில் ஒருவர் சொன்னார்: "மாயாண்டிக்கு மெசேஜ் போயிருக்கு, ஆளு சங்கு ஊதல. கம்ப்யூட்டரே சொல்லுதாம்ல." கம்ப்யூட்டர் சொன்னால் நம்பிவிடுவதா? எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது.

2
மலையை மறைத்துக்கொண்டு மழை... (வேண்டாம். மழையில் தொடங்கும் கதைகளை நான் நம்புவதில்லை.)

நிலக்ஷி கந்தப்பளைக்காரி, மென்பொருள் எழுதுபவள். தேயிலைத் தோட்டத்தில் மழை அளவு மீறினால் ஸ்டோர் என்கிற தேயிலை ஆலையின் காவலாளி மாயாண்டியின் போனுக்குச் செய்தி போகும். அவர் ஆலைச் சங்கை ஊதுவார். லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் சனம் வெளியேறும். அந்தச் செயலி அவள் எழுதியது. ஒரு பகலில் மண் சரிந்தது. சங்கு ஊதவில்லை. ராக்காயியின் கால் போயிற்று. தோட்டத்தை நடத்தும் துரை விசாரணை வைத்தார். மாயாண்டிக்கு வேலை போனால் லயத்து வீடும் போகும்.

3
"எனக்கு ஒண்ணுமே வரல மிஸ். வந்திருந்தா ஊதாம இருப்பேனா? ராக்காயி என் கூடப்பொறந்தவ."

நிலக்ஷி நம்பவில்லை. பதிவில் 'அனுப்பப்பட்டது, 2.10' என்று இருக்கிறதே! குடித்துவிட்டுத் தூங்கியிருப்பார். (முதல் பிரதியில் நானும் அவரைக் குடிக்கவைத்தேன். காவலாளி என்றதும் கை தானாக எழுதிவிட்டது. வெட்கக்கேடு. அடித்துவிட்டேன்.)

4
இருந்தாலும் மனசு உறுத்தி, நிரலைத் திறந்தாள். செயலி பழைய மாதிரி: ஒரு வேலை முடிந்தபின்தான் அடுத்தது. அதற்குள் செய்தி அனுப்ப மட்டும், புதுசு என்று 'ரியாக்டிவ் கிளையண்ட்' என்னும் ஒரு நிரல்துண்டைச் செருகியிருந்தாள். அதன் குணம் வேறு. 'அனுப்பு' என்றால் உடனே அனுப்பாது. செய்தியைத் தயாராக்கி வைத்துக்கொண்டு சும்மா இருக்கும். பதிலுக்கு ஒருவர் காத்திருக்கிறார் என்று ஒரு வரி எழுதினால்தான் கிளம்பும். அந்த வரி இல்லை. அடுத்த வரியோ கூசாமல் 'அனுப்பப்பட்டது' என்று பதிந்துவிட்டது.

(சோதித்தபோது போனதே என்பீர்கள். சோதனை நிரலில் அந்த வரி இருந்தது. நானும் சந்தேகப்பட்டுப் பார்த்துவிட்டேன்.)

"ஐயோ கடவுளே, நானா?"

5
முடிவு ஒன்று: உண்மையைச் சொல்கிறாள். (அவ்வளவு நல்லவளா? தெரியவில்லை.)

முடிவு இரண்டு: யாருக்கும் தெரியாமல் அந்த வரியைச் சேர்க்கிறாள். இனிச் சங்கு ஊதும். மாயாண்டி சட்டிபானை கட்டுகிறார். (இதை எழுதும்போது என் கை தயங்கவே இல்லை. அதுதான் பயமாயிருக்கிறது.)

விசாரணையில் துரை கேட்டார்: "நிலக்ஷி, மெசேஜ் போனதுதானே?"

மாயாண்டி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சேர், அது வந்து

மிச்சத்தை எழுதி வைத்திருக்கிறேன்; இன்னும் அனுப்பவில்லை. கீழே 'கதை முடிந்தது' என்று போடவும் முடியும். அப்படியொரு பொய்யை ஒரு பதிவு ஏற்கெனவே சொல்லிவிட்டது. அவள் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். மாயாண்டி பார்க்கிறார். சொல்லுங்கள்.