தட்டினால் நிறுத்து

1

இந்தக் கதை பசியில் பிறந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு ஆலை ஒன்றில் நான் வேலை பார்த்த காலம். இரவு ஷிப்ட் முடிந்து கேட்டுக்கு வெளியே நிற்போம். அரசப்பனின் பிக்கப், நாஷ்டா கடை டிரெய்லரை இழுத்துக்கொண்டு மேம்பாலம் இறங்கும். வண்டி தெரிவதற்கு முன்பே டங், டங் கேட்கும். பிக்கப்பின் பின்பக்கம் அண்டாக்களோடு உட்கார்ந்து டிரெய்லரையே பார்த்து வரும் அவர் மனைவி கங்கம்மா, கேபின் தகரத்தைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் மெதுவாகப் போ, இரண்டு என்றால் நிறுத்து. டிரெய்லருக்கு வேறு பிரேக் கிடையாது. அந்தச் சத்தத்துக்கே என் வாயில் பொங்கல் ருசி வந்துவிடும். இப்போது எழுதும்போதும் வருகிறது.

போன மாதம் மெக்கானிக் ஜோசப்பைப் பார்த்தேன். "அரசப்பண்ணன் வண்டிக்கு பிரேக் பொட்டி மாட்டிட்டேன்" என்றார். மீதி என் கைச்சரக்கு.

2

"பாலத்துச் சரிவில் டிரெய்லர் பிக்கப்பை முட்டித் தள்ளிய அன்று, சாம்பார்…"

(இந்த வரியை அடித்துவிட்டேன். சாம்பார் கொட்டினால் வாசகர் கங்கம்மாவை மறந்துவிடுவார்.)

ஆனால் தள்ளியது தள்ளியதுதான். அரசப்பன் டிரெய்லர் சக்கரங்களுக்குக் கரண்டு பிரேக் வைத்தார். அதை கேபினிலிருந்து இயக்க ஒரு பெட்டி வேண்டும். ஜோசப் இரண்டைக் காட்டினார்.

"இது நீ எப்டி மிதிச்சாலும் ஒரே மாதிரி புடிக்கும். இந்த ரெண்டாவது, வண்டி எவ்ளோ அடங்குதுன்னு பாத்துக்கினு அதுக்கேத்தா மாதிரி புடிக்கும்."

"அப்போ ரெண்டாவது நானு" என்றார் கங்கம்மா.

"அதையே மாட்டு ஜோசப்பு. இனிமே இவ ஊட்லயே இருக்கட்டும். கடைக்கு ஆள் சொல்லிட்டேன்."

"இன்னாய்யா, என்ன கேக்காமயா?"

"அன்னிக்கு நடுவுல நீ இருந்தியேடி. எனக்குக் கையே ஓடல."

(முதல் பிரதியில் இவரை முரடனாக எழுதியிருந்தேன். இந்த ஒரு வரி அதைக் கெடுத்தது.)

3

ஸ்டியரிங்குக்குக் கீழே பெட்டி. பேட்டரிக்கு ஒரு ஒயர், எர்த்துக்கு ஒன்று, பிரேக் பெடல் சுவிட்சுக்கு ஒன்று, டிரெய்லருக்கு ஒன்று. டார்ச் பிடித்தது கங்கம்மாதான். தன் வேலைக்கு வேறு ஆள் வருவதற்குத் தானே வெளிச்சம் காட்டினார். இதை எழுதும்போது எனக்கு வலித்தது.

4

"மாட்டினா மட்டும் ஆவாதுக்கா" என்றார் ஜோசப். "எவ்ளோ அழுத்தம்னு செட் பண்ணணும். அண்ணன் அளவ கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, பொட்டில இருக்க கைப்பிடிய அழுத்துவாரு. டிரெய்லர் சக்கரம் சுத்தாம இழுத்துக்கினு வந்தா, பின்னாடி பாக்கறவங்க சொல்லணும். அதுக்கு மின்ன வெச்ச அளவுதான் சரி."

கங்கம்மா பிக்கப்பின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

முடிவு ஒன்று: சரியாகத் தட்டுகிறார். பெட்டி தேறிவிடுகிறது, அவர் வீட்டில்.

முடிவு இரண்டு: வேண்டுமென்றே தட்டாமல்… இல்லை. சக்கர விஷயத்தில் பொய் சொல்லக்கூடிய பெண் அல்ல அவர்.

முடிவு மூன்று: அரசப்பன் கண்ணாடியில் அவரைப் பார்க்கிறார். தட்டே கேட்காமல் பாலம் இறங்கும் காலையை நினைத்து…

எனக்கு முடிவு வரவில்லை. சிப்காட் சாலை காலியாக இருக்கிறது. கைப்பிடி அழுந்திவிட்டது. சக்கரம் நின்று, தார் தேய்கிறது. கங்கம்மாவின் கை தகரத்துக்கு மேலே நிற்கிறது. தட்டினால் இதுதான் அவருடைய கடைசித் தட்டு.

நீங்களே தட்டுங்கள். நான் கேட்டுக்கு வெளியே பசியோடு நிற்கிறேன்.