ஆளுக்கொரு நேரம்

அந்த அலுவலகத்தில் கூட்டம் பதினொரு மணிக்கென்றால் பதினொரு மணிக்குத்தான். சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள் பன்னிரண்டைத் தொடுவதற்கும் முதலாளி தொண்டையைச் செருமுவதற்கும் நடுவில் ஒரு கொசு பறந்து போக இடமிருக்காது. பக்கத்துக் கட்டடத்துக் கம்பெனிக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்து, மூக்கின் மேல் வைத்த விரலை எடுக்க மறந்து அப்படியே வீட்டுக்குப் போய்விடுவார்கள். இத்தனைக்கும் காரணம் ஒரே ஆள். கூட்டத்துக்கு நாள் குறித்து, அறை பிடித்து, ஆளைச் சேர்த்து, தண்ணீர் பாட்டிலின் மூடி எந்தப் பக்கம் திருகுகிறது என்பது வரைக்கும் பார்த்து வைக்கிற கடிகாரக்கா. பெற்றவர்கள் வைத்த பேர் வேறு. அது சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது.

அவளுடைய வித்தை இதுதான். எல்லோருக்கும் பொதுவாக ஒரே அழைப்பு அனுப்ப மாட்டாள். ஆளாளுக்குத் தனியாக, கைபேசியில், நலம் விசாரித்து, பணிவு சொட்டச் சொட்ட அனுப்புவாள். ஆஹா, நமக்கென்று தனியாக எழுதியிருக்கிறாளே என்று அவரவரும் பூரித்துப் போவார்கள். ஆனால் ஒவ்வொரு செய்தியிலும் நேரம் வேறு. கணக்கர் சொந்தக் கல்யாணத்துக்கே அரை மணி பிந்தி வந்தவர், அவருக்குப் பத்தரை. விற்பனை மேடம் லிஃப்ட்டுக்குள் இருக்கிற கண்ணாடியைப் பார்த்துவிட்டால் மூன்று தரம் மேலும் கீழும் போய்வந்துதான் வெளியே காலை வைப்பாள், அவளுக்குப் பத்தே முக்கால். முதலாளியையும் விடவில்லை. காவலாளியின் மூட்டுவலி, டிரைவரின் மச்சினி, தபால்காரரின் சைக்கிள் என்று எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுத்தான் மாடி ஏறுவார். அவருக்குப் பத்து ஐம்பது.

இதோ அண்ணனுக்கு மட்டும் ஒன்பதரை.

இதோ அண்ணன் ஊர்க்கோடியில் இருந்த கிடங்குக்குப் பொறுப்பாளர். எப்போது போன் போட்டாலும் “இதோ வந்துட்டேன்” என்பார். குளிக்கிற அறையிலிருந்து சொல்வார். ஒரு தரம் முடிவெட்டும் கடையில் பாதித் தலையோடு உட்கார்ந்துகொண்டு சொன்னார். பூமி அதிர்ந்தாலும் அவரிடம் மட்டும் ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் வந்து அதிரும் என்பாள் விற்பனை மேடம். ஒன்பதரை என்று சொன்னால் பதினொன்றுக்குப் பட்டென்று கதவைத் திறந்துகொண்டு, மூச்சிரைக்க, “மன்னிச்சுக்கணும், மன்னிச்சுக்கணும்” என்று வந்து நிற்பார். ஆக எல்லோரும் ஒரே நேரத்துக்கு வந்து விழுவார்கள். இது பொய்யா என்று கடிகாரக்கா தன்னைக் கேட்டுக்கொண்டதே இல்லை. ஏற்பாடு என்றுதான் அதற்குப் பேர் வைத்திருந்தாள்.

அந்த வாரத்துக் கூட்டம் சாதாரணக் கூட்டமில்லை. பழைய கிடங்கை மூடிவிடுவதென்று முடிவு செய்து, பத்து மடங்கு பெரியதாகப் புதுக் கிடங்கு கட்டி முடித்திருந்தார்கள். பொறுப்பு யாருக்கு? இதோ அண்ணனுக்கா, கணக்கரின் மச்சான் கொள்முதலில் இருக்கிறானே, அவனுக்கா? முந்தின நாள் முதலாளி கடிகாரக்காவைக் கூப்பிட்டுச் சொன்னார்.

“நம்ம இதோ நாளைக்குக் கூட்டத்துல தன் திட்டத்தை எடுத்துச் சொல்லட்டும். நல்லா இருந்தா அவருக்கே குடுத்துடலாம். சொல்லலைன்னா மச்சான்தான். அதுக்கப்புறம் இவரு அந்தப் பையனுக்குக் கீழதான் வேலை பார்க்கணும்.”

அந்தப் ‘பையன்’ இதோ அண்ணனிடம் மூட்டை எண்ணக் கற்றுக்கொண்டவன்.

கூட்டத்தன்று காலை கடிகாரக்கா கோப்புகளைத் தைத்து அட்டை போட்டு வாங்கப் போயிருந்தாள். அவள் திரும்பியபோது மணி பத்தேகால் தாண்டியிருந்தது. கூட்ட அறையில் ஜன்னலோரம் ஒரு நாற்காலி கொஞ்சம் பின்னால் தள்ளி இருந்தது. “எவன்டா அது என் நாற்காலியை இழுத்தது” என்று முணுமுணுத்துக்கொண்டே நேராக்கினாள். பத்தரைக்காரர், பத்தே முக்கால்காரி, பத்து ஐம்பதுக்காரர் எல்லோரும் பதினொன்றுக்கு வந்து சேர்ந்தார்கள். இதோ அண்ணன் வரவில்லை.

போன் போட்டாள். அணைத்து வைத்திருந்தது. இன்னொரு தரம் போட்டாள். அதே.

“போனையும் அணைச்சுட்டாராமா?” என்று முதலாளி கேட்டார். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். “வாழ்க்கையில முக்கியமான நாள்லகூட இந்த மனுஷன் மாறலை பாரு. சரி, காத்திருந்து பிரயோஜனமில்லை.”

கணக்கரின் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தில் ஒரு தெருவுக்கே விளக்குப் போடலாம். “நானும் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன் சார். மச்சான் கீழேதான் இருக்கான், கூப்பிடட்டுமா?”

“அஞ்சு நிமிஷம் பார்ப்போம்,” என்றார் முதலாளி.

கடிகாரக்கா வெளியே ஓடினாள். வராந்தாவில் தரை துடைக்கிற அம்மா வாளியோடு நின்றுகொண்டிருந்தாள்.

“இதோ சாரா? அவரு காலையில ஒன்பதரைக்கு முன்னாடியே வந்துட்டாரே.”

“எது?”

“ஆமாங்கறேன். நான் அப்பத்தான் துடைச்சுட்டிருந்தேன். ஈரத்துல கால் வைக்க மாட்டேன்னு காஞ்சு முடியற வரைக்கும் வாசல்லயே நின்னாரு. புதுச் சட்டை. காலர்ல குண்டூசியைக்கூட எடுக்கலை பாவம், நான்தான் எடுத்துவிட்டேன். அப்புறம் ஜன்னல்கிட்ட உட்கார்ந்து ஏதோ தனக்குத்தானே பேசிப் பேசிப் பார்த்துட்டிருந்தாரு. ரொம்ப நேரம் இருந்தாரும்மா. ஒருத்தரையும் காணோம். ‘என்னை விட்டுட்டு வேற எங்கயோ வச்சுட்டாங்க போல’ன்னு எழுந்துட்டாரு.”

“எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே!”

“நானும் அதைத்தான் சொன்னேன். ‘நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டும்மா நேரத்தைப் பத்திக் கேக்கறது’ன்னுட்டுப் போயிட்டாரு.”

கடிகாரக்காவுக்கு உள்ளங்காலிலிருந்து ஒரு சூடு கிளம்பி காது மடல் வரைக்கும் ஏறியது. வாளித் தண்ணீருக்குள் தலையை விட்டுக்கொள்ளலாமா என்றிருந்தது. ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிடலாம். யாருக்கும் தெரியாது. இதோ அண்ணன் வழக்கம்போல வரவில்லை, அவ்வளவுதான் என்று போய்விடும். அவள் பேர் அப்படியே பளபளவென்று நிற்கும். அந்த நினைப்பு வந்ததே அவளுக்கு இன்னும் கூச்சமாக இருந்தது.

கதவைத் திறந்தாள். கணக்கர் மச்சானுக்குப் போன் போட விரலை நீட்டிக்கொண்டிருந்தார்.

“சார், இதோ அண்ணன் காலையிலேயே வந்துட்டுப் போயிட்டாராம். என் தப்பு. நேரத்தை மாத்தி அடிச்சு அனுப்பிட்டேன்.” முழுசாகச் சொல்லத்தான் வந்தாள். வாசல்படியைத் தாண்டுவதற்குள் பாதி தொண்டையில் நின்றுவிட்டது.

“அதெப்படி?” என்றார் கணக்கர். “நீங்களாவது மாத்தி அடிக்கறதாவது. எனக்குப் பத்தரைன்னு சரியாத்தானே வந்திருக்கு.”

“பத்தரையா?” என்றாள் விற்பனை மேடம். “எனக்குப் பத்தே முக்கால்னுல்ல வந்திருக்கு.”

இருவரும் கைபேசிகளை மேசைமேல் அக்கம்பக்கமாக வைத்தார்கள். முதலாளி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன்னுடையதையும் எடுத்து வைத்தார். அந்த மூன்று கைபேசிகளும் கூடி நின்று தன்னைப் பார்ப்பதுபோல இருந்தது அவளுக்கு.

“எனக்குப் பத்து அம்பது,” என்றார் முதலாளி. “உண்மையான நேரம் எது?”

“பதினொண்ணு சார்.”

“அதை யாருக்கு அனுப்பினீங்க?”

“யாருக்கும் இல்ல சார்.”

அதற்கப்புறம் அந்த அறையில் எழுந்த சத்தத்துக்குக் கூரை ஒரு சாண் மேலே போய்த் திரும்பி வந்தது. “என்னை அரைமணிக்காரன்னு எவன் சொன்னது?” என்று கணக்கர் குதித்தார். “எனக்குக் கால் மணிதானே, உங்களுக்கு நான் எவ்வளவோ மேல்,” என்று விற்பனை மேடம் சொல்லிவிட்டு, அதைப் பெருமையாகச் சொன்னோமே என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் அடங்கியது. அவரவர் கைபேசியை அவரவர் கவிழ்த்து வைத்தார்கள். ஏனென்றால் யாருடைய நேரத்திலும் தப்பில்லை. தைத்த சட்டைபோல அளவு கச்சிதமாக இருந்தது.

“போன மாசம் வெளியூர்ல ஒரு மேடையில,” என்று மெதுவாக ஆரம்பித்தார் முதலாளி, “நம்ம ஆபீஸ் நேர ஒழுங்கைப் பத்தி ஒரு மணி நேரம் பேசினேன். நான் பழக்கிக் குடுத்த ஒழுங்குன்னு பேசினேன்.” மேசையில் இல்லாத தூசியை ஒரு விரலால் துடைத்தார். “வண்டியை எடுத்துட்டுப் போய் அவரைக் கூட்டிட்டு வாங்க.”

“சார், மச்சான் கீழே...” என்றார் கணக்கர்.

“அவர் வர்ற வரைக்கும் ஒருத்தரும் எழுந்திருக்கப் போறதில்லை,” என்றார் முதலாளி.

பழைய கிடங்கில் அட்டைப்பெட்டி வாசனை. எடைபோடும் மேடைக்கு அந்தப் பக்கம் இதோ அண்ணன் பழைய சட்டையில் நின்று பெட்டிகளுக்கு எண் எழுதிக்கொண்டிருந்தார். புதுச் சட்டை ஆணியில் தொங்கியது. அவளைப் பார்த்ததும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பதில் அவர் அவளுக்கு நாலு அறை கொடுத்திருக்கலாம்.

“வாம்மா. கூட்டம் நல்லா நடந்துச்சா? மச்சானுக்குத்தானே? பரவாயில்லை, சுறுசுறுப்பான பையன்.”

“கூட்டம் இன்னும் முடியலைண்ணே. உங்களை யாரும் விட்டுட்டு வேற எங்கயும் வைக்கலை. கூட்டமே பதினொண்ணுக்குத்தான். உங்களுக்கு மட்டும் நான் ஒன்பதரைன்னு போட்டேன்.”

“ஏன்? தப்பா வந்துடுச்சா?”

இப்போதும் ஒரு சந்து திறந்தே இருந்தது. ஆமாம் என்றால் போதும்.

“இல்லண்ணே. எப்பவுமே அப்படித்தான் போடுவேன். நீங்க ஒன்றரை மணி நேரம் லேட்டா வருவீங்கன்னு.”

இதோ அண்ணன் எழுதுகோலை மூடினார். மறுபடி திறந்தார். “எப்பவுமேன்னா?”

“நான் இந்த வேலைக்கு வந்ததிலிருந்து.”

“நான் என்ன நினைச்சுட்டிருந்தேன் தெரியுமா?” அவர் பெட்டியிடம்தான் பேசினார், அவளிடம் இல்லை. “எவ்வளவு லேட்டா வந்தாலும் எல்லாரும் அப்பத்தான் உட்கார்ந்து பாட்டிலைத் திறந்துட்டு இருப்பாங்க. அட, இந்தக் கிழவனுக்காக இத்தனை பெரிய மனுஷங்க ஒன்றரை மணி நேரம் பேசாம காத்திருக்காங்களேன்னு நினைப்பேன். வீட்டுலயும் சொல்லுவேன். நான் போகாம அங்க ஒண்ணும் தொடங்காதுன்னு. மருமகன்கிட்டகூடச் சொல்லியிருக்கேன். போன வாரம் என் வீட்டுக்காரி பிடிச்சுக்கிட்டா. ‘அத்தனை பேரைக் காக்க வச்சுட்டு அதுல பெருமை வேறயா, வெட்கமா இல்லையா’ன்னா. நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. அதான் இன்னிக்கு ஒரு நாளாவது அவங்களைக் காக்க வைக்கக் கூடாதுன்னு...”

கடிகாரக்கா எடைமேடையின் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“அப்போ ஒரு நாள்கூட யாரும் எனக்காகக் காத்திருக்கலையா?”

“இல்லண்ணே.”

அவர் நேராக இருந்த ஒரு பெட்டியை இன்னும் நேராக்கினார். திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால் பாதி பாரம் இறங்கிவிடும். அந்தப் புண்ணியத்தை அவர் கொடுக்கவில்லை.

“என் வீட்டுக்காரிகிட்ட மட்டும் சொல்லிடாதம்மா,” என்றார்.

வண்டியில் இருவரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். புதுச் சட்டையில் ஒரு பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். அதைச் சொல்லக்கூட அவளுக்கு வாய் வரவில்லை. பாதி வழியில் அவர் கேட்டார்.

“இப்பவாவது உள்ள ஆளு இருக்காங்களா?”

“இருக்காங்கண்ணே. உங்களுக்காகத்தான் உட்கார்ந்திருக்காங்க.”

“சத்தியமா?”

அவள் வாயைத் திறந்தாள். தன் வாயிலிருந்து எது வந்தாலும் அவருக்கு இனி அது ஒன்பதரையாகத்தான் கேட்கும் என்று தெரிந்தது. மூடிக்கொண்டாள்.

அறை வாசலில் வந்து நின்று அவர் கைப்பிடியைத் தொடவில்லை. “நீ பாரும்மா முதல்ல,” என்றார். அவள் திறந்தாள். எல்லோரும் அப்படியே இருந்தார்கள். ஒரு பாட்டில்கூடத் திறக்கவில்லை. கணக்கர் உள்பட எழுந்து நின்றார்கள். கணக்கர் கொஞ்சம் மெதுவாக எழுந்தார், அவ்வளவுதான்.

இதோ அண்ணன் மேசைக்கு எதிரே போய் நின்றார். பழக்க தோஷத்தில், “மன்னிச்சுக்கணும், லேட்டாயிடுச்சு,” என்றார். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. விற்பனை மேடம் மட்டும் தன் கழுத்தோரம் கையை வைத்து, பொத்தானைச் சரிசெய்யும்படி சைகை காட்டினாள். போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். ஆரம்பித்துவிட்டால் நிறுத்த மாட்டார் என்பது யாருக்கும் அதுவரை தெரியாது. கனமான பெட்டி எங்கே, மழைச் சாரல் எந்தக் கதவில் அடிக்கும், வண்டி எந்தப் பக்கம் திரும்ப முடியாது என்று அந்தப் புதுக் கிடங்கையே தூக்கிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டார். கணக்கரே தன்னை மறந்து இரண்டு சந்தேகம் கேட்டார். பொறுப்பு அவருக்குத்தான் என்று முதலாளி அங்கேயே சொன்னார். கைதட்டினார்கள்.

“சரி, அடுத்த கூட்டம் எப்போ?” என்றார் முதலாளி.

அறையே கடிகாரக்காவின் பக்கம் திரும்பியது.

“வர்ற வாரம்... பதினொண்ணு சார்,” என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. “எல்லாருக்கும் பதினொண்ணு.”

“எனக்கு மட்டும் வழக்கம்போல ஒன்பதரைன்னே போட்டுடும்மா,” என்றார் இதோ அண்ணன். “உடம்பு அதுக்குப் பழகிடுச்சு.”

எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அவள் தைத்து வாங்கிவந்த கோப்புகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். பக்கத்தில் நாற்காலி காலியாக இருந்தும் உட்காரத் தோன்றவில்லை.