அரை மணி நேரம் கழற்றக்கூடாது

மூன்றாவது ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு அவள் கட்டிலோரமாகக் குனிந்தாள். அவர் படுத்தபடியே அதன் விளிம்பைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டிப் பார்த்தார். காலையில் தண்ணீர்த் தம்ளரைத் தூக்க முடியாத கை. இந்த வேலைக்கு மட்டும் எங்கிருந்துதான் தெம்பு வந்ததோ!

குதிரைச் சவாரிச் சாமான் விற்கும் கடையில் இருபத்தெட்டு வருஷம் வருகிறவர்கள் தலைக்கெல்லாம் ஹெல்மெட் பார்த்துக் கொடுத்தவர். ஆனால் குதிரை தும்மினாலே நாலடி தள்ளி நிற்பார். அவளோ சவாரி சொல்லிக் கொடுப்பவள். ஹெல்மெட் வாங்கப் போனவள் ஆளையே வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள் என்று கடை முதலாளியம்மா இன்னும் கேலி பேசுவாள்.

இத்தனைக்கும் காரணம் நேற்று அவள் சொன்ன பொய். வீட்டுக்குள் நுழையும்போது ஹெல்மெட் கை நழுவிக் கல்தரையில் விழுந்தது. வெளியே கீறல்கூட இல்லை. ஆனால் பலமாக விழுந்ததை மறுபடி போடக்கூடாது, உள்ளே நொறுங்கியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது என்பது அவர் ஓயாமல் படிக்கும் பாட்டு. டாக்டர் கையை விரித்துவிட்ட மனுஷனுக்கு இந்தக் கவலை வேறா என்று, பாத்திரம் விழுந்தது என்று சொல்லிவிட்டாள். அவரிடமா நடக்கும்? விடிந்ததும் முதலாளியம்மாவுக்குப் போன் போடச் சொல்லி நாலு ஹெல்மெட் பெட்டிகளோடு அந்தம்மாவையே வரவழைத்துவிட்டார். உன் தலைக்கு ஒன்றைப் பார்த்து வைக்காமல் எனக்குக் கண்மூட முடியாது என்று வேறு சொல்லிவிட்டார். அவள் பெட்டிகளைப் பிரித்தாள்.

மூன்றாவது மெத்தென்று இருந்தது. இதுவே போதும் என்றாள்.

"போட்ட உடனே மெத்துன்னு இருந்தா லூசுன்னு அர்த்தம். தலைய ஆட்டு."

ஆட்டினாள். தலை முதலில் போக, ஹெல்மெட் பின்னால் வந்தது. அவர் உதட்டைப் பிதுக்கினார்.

நாலாவதுக்கு முன் கொண்டையை அவிழ்த்து முடியைத் தாழ்த்திக் கட்டச் சொன்னார். புருவத்துக்கு மேல் ஒரு விரல்கடை விட்டு, சாயாமல் உட்காரவைத்தார். சுற்றிலும் ஒரே சீராகப் பிடித்தது. அசைத்தால் நெற்றித் தோலும் கூடவே அசைந்தது. தாடைக்கும் பட்டைக்கும் நடுவே விரலை நுழைத்துப் பார்த்தார். விரல் சில்லென்றிருந்தது.

பதினொரு தடவை விழுந்திருக்கிறாள். தோள்பட்டை இறங்கியது, விலா எலும்பு முறிந்தது. தலைக்கு மட்டும் ஒன்றும் ஆனதில்லை. அதற்காக இவருக்கு ஒருநாள்கூட நன்றி சொன்னதில்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

"என் மண்ட இன்னும் முழுசா இருக்குன்னா அது உங்களாலதான்," என்றாள்.

"மண்டைக்குத்தான் நான் பொறுப்பு. உள்ள இருக்கறதுக்கு இல்ல."

அழுகையோடு அவளுக்குச் சிரிப்பும் வந்துவிட்டது. அவரும் சிரித்தார். சிரித்து முடிக்க மூச்சு போதவில்லை.

"அரை மணி நேரம் கழட்டாத. எங்கயும் வலிக்கக்கூடாது, நெத்தியில செவப்பாத் தடம் விழக்கூடாது. பாத்துட்டு வந்து சொல்லு."

மணி பதினொன்று பத்து. அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். அவள் புதிதாக வந்த குதிரையின் சேட்டையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் 'ம்' கொட்டிக்கொண்டிருந்தார். பதினொன்றரைக்கு 'ம்' வரவில்லை. கூப்பிட்டாள். மூக்கருகே கையை வைத்துப் பார்த்தாள். பிறகு அந்தக் கையை அவர் மார்பின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சமையலறையிலிருந்து வந்த முதலாளியம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கொஞ்சம் தேறியதும் பட்டையைக் கழற்றிவிடக் கையை நீட்டினாள். அவள் தடுத்தாள்.

"இன்னும் ஆறு நிமிஷம் இருக்கும்மா."

பதினொன்று நாற்பதுக்கு அவளே கழற்றினாள். கண்ணாடியில் பார்த்தாள். நெற்றியில் ஒரு தடமும் இல்லை. முன்முடியை ஒதுக்கிக்கொண்டு கட்டிலோரம் வந்து, அவர் பக்கமாக நெற்றியைக் காட்டிக் குனிந்தாள்.